புவனா எதையும் தின்னவில்லை

போன வாரம் சுசித்ராவையும், அவள் மகள் புவனாவையும், அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜையும் பழனியிலிருந்து ஒரே வண்டியில் மலையேற்றி, மன்னவனூரில் இறக்கிவிட்டு வந்தோம். மூன்றில் ஃபிரிட்ஜுக்குத்தான் வரவேற்பு பலமாக இருந்தது. சுசித்ராவின் அண்ணன் பொன்னுவேல் வீட்டில் அதுவரை ஃபிரிட்ஜே கிடையாது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற அந்தக் குளிர் ஊரில் அதற்கு என்ன சோலி? ஆனால் பதினோரு வயது புவனாவுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர். அந்த மருந்துக்காகவே அது வந்தது.

வாங்கியவன் சுசித்ராவின் புருஷன் ஜெயமுருகன். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தான். ஐப்பசியில் ஒருநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து சுசித்ரா அழவில்லை. அழவில்லையே என்று தெருவே பேசியது. சொன்ன வேலையைச் செய்வாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். உள்ளே ஆள் இருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் செல்வமுருகன் பெரியவர்கள் முன்னால் ஒரு பேச்சுப் பேசினான்.

"போங்க அண்ணி, வேண்டாங்கல. ஆனா ஒருதடவை, ஒரே ஒருதடவை பிள்ளைய ஆஸ்பத்திரியில சேக்கிற மாதிரி வந்துச்சுன்னா, நான் வந்து கூட்டிட்டு வந்துருவேன். எங்க அண்ணன் பிள்ளை பழனியிலயே வளரட்டும். இங்க ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்."

அதற்கும் சுசித்ரா தலையாட்டினாள். தலையாட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கு உறைத்தது.

ஃபிரிட்ஜ் வந்த அன்று நடந்த கூத்தையும் சொல்லியிருந்தேன். பொன்னுவேல் அதைப் பூண்டு வண்டியில் படுக்கப் போட்டுக் கட்டி, அத்தனை கொண்டை ஊசி வளைவும் குலுக்கிக்கொண்டு வந்தான். இறக்கின கையோடு, ஊரார் பார்த்திருக்க, ஸ்விட்சைப் போட்டான். கொர்ர் என்று ஒரு சத்தம். அப்புறம் மூச்சே இல்லை. கொடைக்கானல் மெக்கானிக் பழனிமுத்து போனிலேயே திட்டினான். "படுக்கப் போட்டா கொண்டு வந்தீங்க? கம்ப்ரஸர் ஆயில் பூரா பைப்புல ஏறியிருக்கும். நிமித்தி வச்சு ஒருநாள் தொடாம விடுங்க. அதுபாட்டுக்கு இறங்கிரும்." அதன்படி விட்டார்கள். மறுநாள் ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடியது. அந்த ஒரு ராத்திரி மட்டும் பாலும் தக்காளியும் மருந்தும் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கம்பிவலைப் பெட்டியில் தங்கின. அந்த வீட்டில் காலங்காலமாக அதுதான் ஃபிரிட்ஜ்.

இனி இன்றைய பொழுதுக்கு வருவோம்.

காலையில் புவனாவின் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தாள் சுசித்ரா. முந்நூறைத் தாண்டிக் காட்டியது. நேற்று இருநூற்றுச் சொச்சம். முந்தாநாள் அதற்கும் கீழே. ஊசி தவறவில்லை. சாப்பாட்டு நேரம் தவறவில்லை. பிள்ளை ராத்திரியெல்லாம் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். குடித்ததெல்லாம் கொல்லைக்கு ஓடவே சரியாக இருந்தது.

"என்னத்தடி தின்ன?"

"ஒண்ணும் திங்கலம்மா."

"நிசத்தச் சொல்லு."

"சாமி சத்தியமா ஒண்ணும் திங்கல."

சுசித்ராவின் பார்வை அலமாரிக்குப் போனது. செல்வமுருகன் மரியாதைக்காகக் கொடுத்தனுப்பிய பஞ்சாமிர்த டப்பா அங்கே இருந்தது. எடுத்துத் திறந்தாள். வழித்து நக்கின மாதிரி காலியாக இருந்தது.

அடித்துவிட்டாள். கன்னத்தில் பளீரென்று ஒரு அறை. இத்தனை மாதமாக யார் மேலும் கோபமோ வருத்தமோ காட்டாத கை அது. பிள்ளை அழக்கூட இல்லை. அம்மாவைப் பார்த்தபடியே நின்றாள். அடித்த கைதான் மரத்துப்போய்த் தொங்கியது.

சத்தம் கேட்டு மதினி அன்னக்கொடி பூண்டு உரித்த கையோடு ஓடி வந்தாள். அவள் பின்னால் பொன்னுவேல், வேட்டியை மடித்துக் கட்டியபடி, திருட்டு முழி முழித்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஏ தாயி, பிள்ளைய அடிக்காத. அது... நாந்தேன்."

"என்னது நீங்கதேனா?" என்றாள் அன்னக்கொடி.

"தோட்டத்துக்குப் போகையில ஒரு வாய், வரும்போது ஒரு வாய்னு எடுத்தேன். தீந்து போச்சு."

"அடப்பாவி மனுசா! மாலை போட்டுருக்கிற ஆளு, அதுவும் சர்க்கரைப் பிள்ளை இருக்கிற வீட்டுல இதத் தெறந்து போட்டு வைப்பீங்களா?" அன்னக்கொடி தலையில் அடித்துக்கொண்டு புவனாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பாரு, கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சு கெடக்கு. ஏ சுசி, நீயெல்லாம் ஒரு..." சொல்லவந்ததை முழுங்கிவிட்டாள்.

சொல்லியிருந்தாலும் சுசித்ராவுக்குக் கேட்டிருக்காது. பிள்ளை தின்னவில்லை. அப்படியானால் சர்க்கரை ஏன் ஏறுகிறது? அவள் மனம் மெல்லத்தான் நகர்ந்தது. நகர்ந்து ஃபிரிட்ஜின் முன்னால் போய் நின்றது. படுக்கப் போட்டு வந்த பெட்டி. நடுவில் நடுவில் நின்றுவிடுகிறதோ? மருந்து சூடாகிக் கெட்டுப்போகிறதோ?

பழனிமுத்துவுக்குப் போன் போட்டாள். அவன் யார் வீட்டிலோ வாஷிங் மெஷினைப் பிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் தட்டுமுட்டுச் சத்தம் கேட்டது.

"கூலிங் இருக்காக்கா?"

"இருக்கு."

"சும்மா இருக்குன்னா எப்பிடி? ஒரு துண்டுப் பேப்பரக் கதவு இடுக்குல வச்சு மூடி இழுத்துப் பாருங்க. வழுக்கிட்டு வந்தா ரப்பர் லூஸ். நிக்குதா?"

இழுத்துப் பார்த்தாள். காகிதம் வரவில்லை. "நிக்குது."

"பின்னாடி சுவத்துக்கும் அதுக்கும் ஒரு சாண் இடம் விட்டுருக்கீங்களா? ஸ்டெபிலைசர் மாட்டியாச்சா?"

"விட்டுருக்கு. மாட்டியாச்சு."

"நம்பர் எதுல கெடக்கு?"

"ஒண்ணுல."

"அது போதும், உங்க ஊரு குளிருக்கு. கொதிக்கிற சாம்பாரத் தூக்கி உள்ள வைக்கிறீங்களா?"

"இல்ல."

"நைட்டு கரண்ட் கட் ஆச்சா?"

"ஆகல."

"அப்புறம் என்னக்கா, ஃபிரிட்ஜ் பக்காவா இருக்கு. டவுட்டா இருந்தா ஒரு டம்ளர் தண்ணி வச்சு மத்தியானம் தொட்டுப் பாருங்க." வைத்துவிட்டான்.

டம்ளர் வைத்தாள். உச்சிப் பொழுதில் தொட்டாள். சில்லென்று இருந்தது. ஃபிரிட்ஜ் மேலும் தப்பில்லை.

புவனா அதற்குள் சுருண்டு படுத்துவிட்டாள். வயிறு வலிக்கிறதென்றாள். காலையில் தின்ற இட்லியை வாந்தியெடுத்தாள். சுசித்ரா வாந்தியைத் துடைத்தாள், துணியை அலசினாள், கொடியில் போட்டாள். கையெல்லாம் வேலை செய்தது. யாரோ வேறொருத்தி செய்வதைத் தூரத்தில் நின்று பார்ப்பது போலத்தான் அவளுக்கு இருந்தது. புருஷனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அன்றும் இப்படித்தான் வந்தவர்களுக்கெல்லாம் காபி கலந்து கொடுத்தாள்.

"பிள்ளைக்கு ஒரு மிளகு ரசம் வைக்கிறேன். வாய்க்கு எதமா இருக்கும்" என்று அன்னக்கொடி ஃபிரிட்ஜின் அடித்தட்டை இழுத்துத் தக்காளி எடுத்தாள். அரிவாள்மணையில் வைத்து அழுத்தியதுதான் தாமதம், தக்காளி பொத்தென்று உடைந்து தண்ணீராக ஒழுகியது. அடுத்ததும் அப்படியே. தோல் மட்டும் கையில் நின்றது.

"இது என்னடி இது? பனி குடிச்ச தக்காளில்ல? உறைஞ்சு உருகுனா இப்பிடித்தேன் இருக்கும். தோட்டத்துல பாத்துருக்கேன். ஃபிரிட்ஜுக்குள்ள எப்பிடி வந்துச்சு?"

"அன்னைக்கு ராத்திரி ஜன்னல் பெட்டியில வச்சேன்ல மதினி. அதுதேன்."

"பெட்டியிலயா? அன்னைக்கா?" அன்னக்கொடி மணையிலிருந்து எழுந்துவிட்டாள். "ஏ கூறுகெட்டவளே, தை மாசம் வானம் வெளுத்துக் கெடக்கிற ராத்திரியில பொழுது சாயவும் பெட்டியைக் காலி பண்ணணும்னு தெரியாதா உனக்கு? இந்த வீட்டுல பிறந்தவதானே நீ? மறுநாள் புல்லெல்லாம் உப்புக் கொட்டுன மாதிரி வெள்ளையா கெடந்துச்சே! பாலு கூட..."

இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

பாலும் தக்காளியும் மட்டுமா அன்று அந்தப் பெட்டியில் இருந்தன?

சுசித்ராவுக்குத் தெரியாத விஷயமில்லை இது. அதுதான் கொடுமை. வியாதி கண்டுபிடித்த அன்றே நர்ஸ் அவளை உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள், இந்த மருந்து சூடும் தாங்காது, உறையவும் கூடாது, உறைந்தது உருகினாலும் மருந்தாகாது என்று. பழனி வீட்டில் இன்சுலின் டப்பாவை ஃபிரீசர் பக்கமே அண்டவிடமாட்டாள். ஜெயமுருகன் மறந்துபோய் மேல்தட்டில் வைத்தால் சண்டை பிடிப்பாள். அப்பேர்ப்பட்டவள், பிறந்த ஊர் ஜன்னலைப் பார்த்ததும், சின்ன வயதில் பால் சொம்பை வைத்த அதே கையால் மருந்தையும் வைத்துவிட்டாள். வைத்தால் போதும் என்பது ஞாபகம் இருந்தது. பனி ராத்திரியில் உள்ளே எடுத்துவிட வேண்டும் என்பது மறந்துபோனது. புருஷன் போன நாளிலிருந்து எல்லாமே அவளுக்குப் பாதிப் பாதியாகத்தான் ஞாபகம் வந்தது.

டப்பாவைத் திறந்தாள். புட்டியை எடுத்து எப்போதும்போல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினாள். நல்ல மருந்தாக இருந்தால் ஒரே சீராகப் பால் நிறத்துக்கு வரும். இது திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. கண்ணாடியில் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. காலையிலும் உருட்டினாளே! நேற்றும் உருட்டினாளே! கண் பார்த்தது, புத்தியில் ஏறவில்லை. இன்னொரு புட்டியை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். அடுத்ததும். கைவசம் இருந்த மருந்து முழுக்க அந்த ஒரே டப்பாவில்தான் இருந்தது.

இத்தனை நாளாகப் பிள்ளைக்கு வெறும் தண்ணீரைத்தான் குத்தியிருக்கிறாள்.

"மதினி, பிள்ளை மூச்சு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். அவள் குரல் அப்போதும் உயரவில்லை.

அன்னக்கொடி ஓடிப்போய்ப் புவனாவின் முகத்தருகே குனிந்தாள். ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கியது. வாயில் கனிந்து அழுகின பழத்தின் வாடை அடித்தது. கருவியில் ரத்தம் வைத்தால் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது.

"ஏங்க! வண்டிய எடுங்க! வெரசா!"

பொன்னுவேல் வண்டியிலிருந்த பூண்டு மூட்டைகளை அப்படியே வாசலில் உருட்டித் தள்ளினான். முன்சீட்டில் இரண்டு பெண்களும் நெருக்கி உட்கார, மடியில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு வண்டி கிளம்பியது. வளைவு வரும்போதெல்லாம் அன்னக்கொடி முருகா முருகா என்றாள். சுசித்ரா முருகனையும் கூப்பிடவில்லை. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். அது நின்றால் தானும் நின்றுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பயமாக இல்லை. அப்படி நினைப்பது ஏன் பயமாக இல்லை என்பதுதான் அவளைக் கொஞ்சம் உலுக்கியது.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் நரம்பு தேடிக்கொண்டே கேட்டாள். "சுகர் பேஷன்ட்னு தெரியும்ல? என்ன சாப்பிட்டா? ஸ்வீட் ஏதாவது குடுத்தீங்களா?"

சுசித்ரா வாயைத் திறப்பதற்குள் அன்னக்கொடி முந்திக்கொண்டாள். "நாந்தேங்க சிஸ்டர், பலகாரம் குடுத்துட்டேன். தெரியாமக் குடுத்துட்டேன்."

எதற்காக அப்படிச் சொன்னாள்? காலையில் ஏசிய வாய்தான் அது. ஆனால் கொழுந்தன் பேசிய பேச்சு அவளுக்கும் தெரியும். பிள்ளையைப் பிரித்தால் நாத்தனார் பிழைக்கமாட்டாள் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டாள் மகராசி.

"இல்ல சிஸ்டர்" என்றாள் சுசித்ரா. "இன்சுலின் உறைஞ்சு போச்சு. அது தெரியாம அதையே போட்டுட்டு இருந்தேன். டப்பாவக் கொண்டு வந்துருக்கேன்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. டப்பாவை வாங்கி ஒரு புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லவேளை சொன்னீங்க. இல்லைன்னா இதையே வீட்டுக்குக் கொண்டு போய்ப் போட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் புவனாவின் மூச்சு சீரானது. டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல மருந்து உள்ளே போகப் போகச் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆபத்துக் கட்டம் தாண்டியாச்சு, ஆனால் வார்டில்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அன்னக்கொடி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சுசித்ரா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தனக்கு எப்போது வரும் இந்த அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது. செல்வமுருகன். தினமும் கடையில் கூட்டம் குறைந்ததும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, பிள்ளைக்கு இன்று சர்க்கரை எவ்வளவு என்று கேட்பான். ஒருநாள் தவறமாட்டான். அண்ணன் மேல் இருந்த பாசமெல்லாம் அந்தப் பிள்ளை மேல்தான் இறங்கியிருந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"பிள்ளைக்கு எவ்வளவு அண்ணி?"

"ஆஸ்பத்திரியில இருக்கோம். இப்ப தேவலை."

அந்தப் பக்கம் கல்லாப்பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. "என்னாச்சு? என்னத்தத் தின்னா?"

பொன்னுவேல் தங்கையின் முழங்கையைத் தொட்டான். குரலே வராமல் உதட்டை மட்டும் அசைத்தான். "பலகாரம்னு சொல்லிரு தாயி. பிள்ளைங்க திங்கிறதுதானே. விட்டுருவாப்ல."

விட்டுவிடுவான். அதுதான் உண்மை. பிள்ளை ஆசைப்பட்டுத் தின்றுவிட்டது என்றால் செல்வமுருகன் நாலு வார்த்தை திட்டுவான், அப்புறம் இளகிவிடுவான். அவனும் பஞ்சாமிர்தக் கடைக்காரன்தானே, பிள்ளைகளின் நாக்கு தெரியாதா? சின்னதாக ஒரு பொய். பிள்ளை கையைவிட்டுப் போகாது.

சுசித்ரா கட்டிலைப் பார்த்தாள். புவனா கண்ணை மூடிக் கிடந்தாள். கன்னத்தில் காலையில் விழுந்த அறையின் தடம் இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா? என்ன தின்னான்னு கேட்டேன்."

"புவனா எதையும் திங்கல செல்வம்" என்றாள். "மருந்த நான் பனியில வச்சுட்டேன். உறைஞ்சு கெட்டுப் போச்சு. கெட்ட மருந்தத்தான் இத்தனை நாளும் குத்திட்டு இருந்தேன். காலையில பிள்ளைய அடிக்கவும் செஞ்சேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தப் பக்கம் அடிவாரத்து வண்டி ஹாரன் மட்டும் தூரத்தில் கேட்டது.

"நாளைக்கு வெள்ளனே வர்றேன் அண்ணி" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். "டாக்டர் விட்டதும் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டான்.

பொன்னுவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். தங்கையைத் திட்டினால் தாங்கமாட்டாள், திட்டாமல் இருக்க அவனாலும் முடியாது. அன்னக்கொடி எழுந்து அவன் பின்னாலேயே போனாள்.

சுசித்ரா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டாள். கை கதகதப்பாக இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்ற நிம்மதியாவது வருகிறதா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"அம்மா."

புவனா கண் திறந்திருந்தாள். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாளோ.

"தூங்கலையாடா?"

"சித்தப்பா வர்றாங்களா?"

"ம்."

"என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கா?"

சுசித்ராவால் தலையாட்டக்கூட முடியவில்லை. பிள்ளை அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. நாக்கால் நனைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் தின்னுட்டேன்னே சொல்லியிருக்கலாம்லம்மா."